முதல் பிஸ்டல்: எதை வாங்குவது, எப்போது வாங்குவது

ஆடி மாசம் ஐந்தாம் வெள்ளிக்கிழமை வீராம்பட்டினம் செங்கழுநீர் அம்மன் தேர். பிரெஞ்சுக்காரர் காலத்தில் கவர்னர் வடம் பிடித்த தேர், இப்போது துணைநிலை ஆளுநர் வடம் பிடிக்கிறார். தேர் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் பலூன் சுடும் கடை இருக்கும். 2024 ஆகஸ்டில் அந்தக் கடையில் நின்ற என் மகள் பத்து குண்டுக்கு எட்டு பலூன் உடைத்தாள். பாரிஸ் ஒலிம்பிக்ஸில் மனு பாக்கர் இரண்டு வெண்கலம் வாங்கி ரெண்டு வாரம்தான் ஆகியிருந்தது. வண்டியில் ஏறும்போதே ஆரம்பித்துவிட்டாள்: "அப்பா, அவங்க வெச்சிருந்த மாதிரி ஒரு பிஸ்டல் வாங்கித் தர்றீங்களா?"

நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். எதையாவது வாங்கணும்னா முதலில் எக்ஸெல் தாள் திறப்பேன். 23 வரிசை, 11 பத்தி. வேகம், எடை, விலை, குழல் நீளம் எல்லாம் போட்டேன். கடைசியில் "வேகம் அதிகம், விலை குறைவு" என்ற கணக்கில் ஒரு ஸ்பிரிங் ஏர் பிஸ்டல் வாங்கினேன். மூன்று மாதம் மொட்டை மாடியில், தடுப்பு வைத்துச் சுட்டுப் பழகினாள். அப்புறம் சென்னையில் ஒரு ரேஞ்சுக்குக் கூட்டிப்போனேன். அங்கிருந்த கோச் பத்து குண்டு சுடச் சொல்லிப் பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "சார், பாப்பா ஒவ்வொரு ஷாட்டுக்கும் முன்னாடி கண்ணை மூடுது. ட்ரிகரை அழுத்தல, பிடுங்குது. வீட்டுல எந்த பிஸ்டல்ல பழகுச்சு?"

அந்தப் பழக்கத்தைக் கலைக்க அவளுக்கு ஐந்து மாதம் ஆனது. மூன்று மாதத் தப்பு, ஐந்து மாத வைத்தியம். தப்பு அவளுடையது இல்லை, என் எக்ஸெல் தாளுடையது. அதில் இருந்திருக்க வேண்டிய பத்திகள் எவை என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் சட்டம்

அமெரிக்கக்காரர் எழுதிய பிஸ்டல் கட்டுரையைப் படித்தால் "கடைக்குப் போ, ரூகர் மார்க் வரிசையில் ஒன்றை எடு, வார இறுதியில் சுடு" என்று முடிந்துவிடும். நமக்கு அப்படி இல்லை. இந்தியாவில் எந்தக் காலிபர் என்பதைப் பாதி சட்டமே முடிவு செய்துவிடுகிறது.

1959 ஆயுதச் சட்டமும் 2016 ஆயுத விதிகளும்தான் அடிப்படை. 4.5 மில்லிமீட்டருக்கு மேற்படாத குழல், 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றல் என்ற வரம்புக்குள் இருக்கும் ஏர் பிஸ்டலுக்கு லைசென்ஸ் தேவையில்லை. வாங்கும்போது அடையாளச் சான்று கேட்பார்கள், கொடுத்துவிடுங்கள். .22 என்று வந்துவிட்டால் அது வெடிமருந்துத் துப்பாக்கி. மாவட்ட மாஜிஸ்திரேட் அதிகாரத்தில் லைசென்ஸ், போலீஸ் விசாரணை, பயிற்சிச் சான்று எல்லாம் உண்டு. சொந்த லைசென்ஸுக்கு 21 வயது ஆகியிருக்க வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு சாதாரண ஆள் ஒருவர் அதிகபட்சம் இரண்டு துப்பாக்கிதான் வைத்துக்கொள்ளலாம், முன்பு மூன்று. போட்டி வீரர்களுக்கு அவர்கள் தகுதியைப் பொறுத்து விலக்கு உண்டு. 9 மி.மீ. பிஸ்டல் தடை செய்யப்பட்ட ரகம், அதை மறந்துவிடலாம்.

வெளிநாட்டு .22 போட்டி பிஸ்டலை நாமாக இறக்குமதி செய்யவும் முடியாது. தேசியப் போட்டியில் குறிப்பிட்ட தகுதி பெற்ற வீரர்களுக்குத்தான், தேசிய ரைஃபிள் சங்கம் வழியாக அந்த வாசல் திறக்கும். இந்தச் சங்கம் 1951ல் தொடங்கியது. தொடங்கியவர் நம் முதல் மக்களவைத் தலைவர் ஜி.வி. மாவ்லங்கர். அவர் பெயரில்தான் தேசியப் போட்டிக்கு முந்தைய தகுதிப் போட்டி இன்றும் நடக்கிறது.

ஆக, பதினாலு வயசுப் பிள்ளைக்கோ, நாற்பது வயதில் ஆசைப்படும் அப்பாவுக்கோ முதல் பிஸ்டல் .177 ஏர் பிஸ்டல்தான். இதை ஒரு குறையாக நினைக்க வேண்டாம். ஏன் என்று கீழே கணக்கோடு சொல்கிறேன்.

சின்னக் காலிபர் வந்த கதை

எங்கள் தெருவில் ஒரு பழைய சொல்தா தாத்தா இருக்கிறார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்களை எங்கள் ஊரில் இப்படித்தான் சொல்வோம். ஜூலை 14 வந்தால் பதக்கம் குத்திக்கொண்டு கிளம்பிவிடுவார். மகள் பிஸ்டல் பழகுவதைக் கேள்விப்பட்டு அவர் சொன்ன முதல் வார்த்தை "ஃப்ளோபேர்". அதைப் பிடித்துக்கொண்டு தேடினேன்.

லூயி நிக்கோலா ஃப்ளோபேர் பாரிஸில் துப்பாக்கி செய்தவர். 1845ல் அவர் செய்தது எளிய வேலை. அந்தக் காலத் துப்பாக்கியில் மருந்தைப் பற்றவைக்க ஒரு சின்னச் செம்புத் தொப்பி வைப்பார்கள். அந்தத் தொப்பியின் வாயிலேயே ஒரு குட்டி ஈயக் குண்டைச் செருகினார். தனியாக மருந்து இல்லை, தொப்பியில் உள்ள பற்றுமருந்தே குண்டைத் தள்ளும். சத்தம் குறைவு, உதைப்பு குறைவு. பிரபுக்கள் வீட்டு வரவேற்பறையிலேயே இலக்கு வைத்துச் சுட்டு விளையாடினார்கள். அதனாலேயே அதற்கு வரவேற்பறைப் பிஸ்டல் என்று பெயர். 1857ல் அமெரிக்காவில் ஸ்மித் அண்ட் வெஸன் அதே யோசனையை வளர்த்து .22 ஷார்ட் தோட்டா கொண்டுவந்தார்கள். 1887ல் ஸ்டீவன்ஸ் நிறுவனத்திலிருந்து .22 லாங் ரைஃபிள் வந்தது. இன்று ஒலிம்பிக்ஸில் சுடும் .22 அதேதான்.

இந்த வரலாற்றில் கவனிக்க வேண்டியது ஒன்று. சின்னக் காலிபர் பெரிய துப்பாக்கியின் ஏழைத் தம்பியாகப் பிறக்கவில்லை. இலக்கு சுடுவதற்கென்றே, உதைப்பும் சத்தமும் இடைஞ்சல் செய்யக்கூடாது என்றே பிறந்தது. "பவர் கம்மியா இருக்கே" என்று முகம் சுளிப்பவர்களுக்கு இதுதான் பதில்.

எண்ணாகவே பார்ப்போம். போட்டி ஏர் பிஸ்டல் அரை கிராம் பெல்லட்டை நொடிக்குச் சுமார் 150 மீட்டர் வேகத்தில் தள்ளுகிறது. ஆற்றல் 5.6 ஜூல். .22 தோட்டாவின் குண்டு 2.6 கிராம், பிஸ்டல் குழலிலிருந்து வரும்போது ஆற்றல் சுமார் 100 ஜூல். கிட்டத்தட்ட இருபது மடங்கு. சட்டம் அனுமதிக்கும் 20 ஜூலில் மூன்றில் ஒரு பங்குகூட ஒலிம்பிக் ஏர் பிஸ்டலுக்குத் தேவைப்படவில்லை. 10 மீட்டர் தூரத்தில் காகிதத்தைத் துளைக்க அது போதும். நான் "வேகம் அதிகம்" என்ற பத்தியைப் பார்த்து வாங்கியது எவ்வளவு அபத்தம் என்று இப்போது புரிகிறது.

1 மில்லிமீட்டர் கணக்கு

இனி முக்கியமான பகுதி. இதை மட்டும் படித்துவிட்டுப் போனாலும் போதும்.

10 மீட்டர் ஏர் பிஸ்டல் இலக்கில் பத்து புள்ளி வட்டத்தின் விட்டம் 11.5 மி.மீ. அதற்கு வெளியே ஒவ்வொரு வட்டமும் 8 மி.மீ. தள்ளி. பெல்லட் போட்ட ஓட்டை வட்டத்தின் கோட்டைத் தொட்டாலே அந்தப் புள்ளி கிடைக்கும். பெல்லட் விட்டம் 4.5 மி.மீ.

பிஸ்டலில் இரண்டு சைட் இருக்கு. பின்னால் ஒரு பள்ளம், முன்னால் ஒரு தூண். தூண் பள்ளத்தின் நடுவில், மேல் விளிம்பு சமமாக நிற்க வேண்டும். ஒலிம்பிக் விதிப்படி லென்ஸோ சிவப்புப் புள்ளியோ பிஸ்டலில் வைக்க முடியாது. இரண்டு சைட்டுக்கும் இடையே சுமார் 330 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் இரண்டு விதமான தப்பு நடக்கும்.

முதல் வகை: சைட் இரண்டும் ஒழுங்காக இருக்கு, ஆனால் கை மொத்தமாக 7 மி.மீ. பக்கவாட்டில் ஆடிவிட்டது. குண்டும் 7 மி.மீ. தான் தள்ளிப் போகும். ஓட்டையின் உள்விளிம்பு நடுவிலிருந்து 4.75 மி.மீ. தூரத்தில் இருக்கும். பத்து வட்டத்தின் ஆரம் 5.75. ஆக, அது இன்னும் பத்துப் புள்ளிதான்!

இரண்டாம் வகை: கை ஆடவே இல்லை. ஆனால் விரல் ட்ரிகரைப் பிடுங்கியதில் முன் சைட் 1 மி.மீ. விலகிவிட்டது. இப்போது கோணம் மாறிவிட்டது. 330க்கு 1 என்றால் 10,000 மி.மீ. தூரத்தில் 30 மி.மீ. அந்த ஷாட் ஏழு புள்ளி. ஒரே மில்லிமீட்டர், மூன்று புள்ளி போச்சு.

25 மீட்டர் பிஸ்டலில் இன்னும் மோசம். அங்கே சைட் இடைவெளி அதிகபட்சம் 220 மி.மீ. தான் இருக்கலாம். அதே 1 மி.மீ. விலகல் அங்கே 113 மி.மீ. ஆகிறது. இலக்கு பெரிது, பத்து வட்டம் 50 மி.மீ. விட்டம். இருந்தும் ஆறு புள்ளிதான் கிடைக்கும்.

புதுசாகச் சுடுகிறவர்கள் எல்லாரும் முதல் வகைத் தப்புக்குத்தான் பயப்படுகிறார்கள். "கை நடுங்குதே" என்று. கை எல்லாருக்கும் ஆடும், ஒலிம்பிக் சாம்பியனுக்கும் ஆடும். புள்ளியைத் தின்பது இரண்டாம் வகை. அதற்குக் காரணம் இரண்டு: ட்ரிகர், கிரிப். பிஸ்டல் தேர்வு என்பது இந்த இரண்டையும் தேர்ந்தெடுப்பதுதான். மற்றதெல்லாம் அப்புறம்.

ட்ரிகர்

ஏர் பிஸ்டலுக்குப் போட்டி விதி: ட்ரிகர் எடை குறைந்தது 500 கிராம். .22க்கு 1000 கிராம். சோதிக்கும் முறை ரொம்ப எளிது. குழலை மேல் நோக்கி நிறுத்தி, ட்ரிகரில் எடைக்கல்லைத் தொங்கவிட்டு பிஸ்டலைத் தூக்குவார்கள். கல் மேலே எழும்பணும், ட்ரிகர் விடுபடக்கூடாது. விடுபட்டால் பிஸ்டல் வெளியே.

நான் வாங்கிய பிஸ்டலை வீட்டில் பெட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசில் மாட்டி இழுத்துப் பார்த்தேன். 2.7 கிலோ. பிஸ்டலின் மொத்த எடையே 1.1 கிலோ. ஒரு பொருளை அதன் எடையைவிட இரண்டு மடங்குக்கு மேல் விசையோடு இழுத்துக்கொண்டு, அதே சமயம் அதை அசையாமல் பிடி என்று ஒரு குழந்தையிடம் சொல்லியிருக்கிறேன். பிடுங்காமல் என்ன செய்வாள்?

நல்ல போட்டி ட்ரிகர் இரண்டு கட்டமாக வேலை செய்யும். முதலில் கொஞ்ச தூரம் லேசாக வரும், அப்புறம் ஒரு சுவர் மாதிரி நிற்கும். அந்தச் சுவரில் கொஞ்சம் அழுத்தம் கூட்டினால் கண்ணாடிக் குச்சி மாதிரி முறியும். எடை, தூரம், விரல் படும் இடம் எல்லாவற்றையும் திருகி மாற்றலாம். வாங்கும்முன் வெறும் ட்ரிகரை இருபது தடவையாவது இழுத்துப் பாருங்கள். போட்டி ஏர் பிஸ்டல்களில் குண்டில்லாமல் ட்ரிகர் பழக ஒரு தனி வசதி இருக்கும். பல .22 பிஸ்டல்களில் அப்படி வெறுமனே அடிக்கக் கூடாது, ஊசி குழல் விளிம்பில் மோதிக் கெட்டுப்போகும். கேட்டுவிட்டு இழுங்கள்.

கிரிப்

பிஸ்டல் போட்டியில் ஒரே கை. இன்னொரு கை பாக்கெட்டில். பாரிஸில் 51 வயது துருக்கிக்காரர் யூசுஃப் டிகேச் கலப்பு இரட்டையரில் வெள்ளி வாங்கிய படத்தைப் பார்த்திருப்பீர்கள். சாதாரணக் கண்ணாடி, ஒரு கை பாக்கெட்டில். எல்லாரும் அவர் கண்ணாடியைப் பற்றிப் பேசினார்கள். நான் பார்த்தது அவர் வலது கையை. மரக் கிரிப் கையோடு ஒட்டிக்கொண்ட மாதிரி இருந்தது.

போட்டி பிஸ்டலின் கிரிப் ஸ்மால், மீடியம், லார்ஜ் என்று அளவில் வரும். வலது கைக்கும் இடது கைக்கும் தனித்தனி. உள்ளங்கைக்குக் கீழே ஏற்றி இறக்கும் ஒரு தாங்கி இருக்கும். மணிக்கட்டுக்கு எந்த முட்டும் கொடுக்கக்கூடாது என்பது விதி. சரியான கிரிப்புக்கு ஒரு சோதனை: இலக்கைப் பாருங்கள், கண்ணை மூடுங்கள், கையை உயர்த்துங்கள், கண்ணைத் திறங்கள். சைட் இரண்டும் ஏறக்குறைய நேராக இருக்கணும். தினமும் மணிக்கட்டைத் திருப்பித்தான் நேராக்க வேண்டியிருக்கு என்றால் அது உங்கள் கைக்கான கிரிப் இல்லை.

என் மகள் கைக்கு ஸ்மால் அளவே கொஞ்சம் பெரிசாக இருந்தது. கோச் மரத்தூள் கலந்த பசையால் சில இடத்தில் மேடாக்கினார், சில இடத்தில் ராவினார். இரண்டு மணி நேர வேலை. அன்றைக்கு ஏறிய புள்ளி, என் எக்ஸெல் தாளின் எந்தப் பத்தியாலும் ஏறவில்லை.

எடையும் இதோடு சேர்ந்ததுதான். ஏர் பிஸ்டல் 1500 கிராமுக்கு மேல் போகக்கூடாது, .22 பிஸ்டல் 1400. போட்டி ஏர் பிஸ்டல்கள் பெரும்பாலும் ஒரு கிலோவை ஒட்டி இருக்கும். பிள்ளைகளுக்கு எடை குறைந்த, குழல் குட்டையான வகைகளும் வருகின்றன. 60 ஷாட் போட்டியில் கையை அறுபது தடவைக்கு மேல் உயர்த்த வேண்டும், அதுவும் 75 நிமிடத்துக்குள். கடையில் ஒரு தடவை தூக்கிப் பார்த்து "பரவாயில்லை, தாங்குது" என்று சொல்லாதீர்கள்.

காற்று எங்கிருந்து வருகிறது

ஏர் பிஸ்டலில் நாலு வகை.

ஸ்பிரிங்: ட்ரிகர் விட்டதும் கனமான பிஸ்டன் ஒன்று முன்னால் பாய்ந்து காற்றை அமுக்கும். பெல்லட் குழலைவிட்டு வெளியே வருவதற்குள் பிஸ்டல் குலுங்கிவிடும். மலிவு. பலூனுக்குச் சரி. பழகுவதற்கு வேண்டாம். குலுக்கலும் கனமான ட்ரிகரும் சேர்ந்துதான் என் மகளைக் கண் மூட வைத்தது.

ஒரே அமுக்கு வகை: ஒவ்வொரு ஷாட்டுக்கும் நெம்புகோலை ஒருதரம் மடக்கிக் காற்றை அடைக்க வேண்டும். உதைப்பு இல்லை, சிலிண்டர் இல்லை. ரஷ்யாவின் பைக்கல் 46 எம் இந்த வகையில் உலகம் முழுக்கப் பழகுநர்களின் பிஸ்டல். வயசான, ஆனால் நல்ல ஃபைன்வெர்க்பாவ் 103ம் இதே வகை. குறை: அறுபது தடவை மடக்கினால் சின்னப் பிள்ளைக்குக் கை ஓய்ந்துவிடும். மடக்குவதை அப்பா செய்யலாம். நான் செய்தேன்.

கார்பன் டை ஆக்சைடு: வெப்பம் மாறினால் அழுத்தம் மாறும். புதுச்சேரி மே மாதத்தில் சொல்லவே வேண்டாம். போட்டி உலகம் இதைக் கைவிட்டுவிட்டது.

அடைத்த காற்று சிலிண்டர்: இன்றைக்கு எல்லாப் பெரிய போட்டியிலும் இதுதான். மொரினி சிஎம் 162, ஸ்டெயர், ஃபைன்வெர்க்பாவ், வால்தர், பர்தீனி. சிலிண்டரில் சுமார் 200 பார் அழுத்தம். உதைப்பு அனேகமாக இல்லை. விலை லட்சத்துக்கு மேல் போகும். காற்று நிரப்பக் கைப்பம்ப் அல்லது டைவிங் சிலிண்டர் வேண்டும். எங்கள் ஊரில் ஸ்கூபா டைவிங் சொல்லித் தருகிறவர்கள் இருப்பதால் இந்த வகைச் சிலிண்டர் எங்களுக்குப் புதுசு இல்லை.

பழைய பிஸ்டல் வாங்குகிறவர்கள் ஒன்றைக் கட்டாயம் பாருங்கள். சிலிண்டரில் தயாரித்த தேதி பொறித்திருக்கும். பொதுவாகப் பத்து வருடம் ஆயுள். தேதி தாண்டிய சிலிண்டரோடு போட்டிக்குப் போகக்கூடாது, அது வீரரின் பொறுப்பு. பிஸ்டல் விலையோடு புதுச் சிலிண்டர் விலையையும் கூட்டிப் பாருங்கள்.

இன்னொரு கேள்வி எலக்ட்ரானிக் ட்ரிகர். மின்சாரம் வால்வைத் திறக்கும், ட்ரிகர் வெறும் சுவிட்ச். அற்புதமாக இருக்கும். ஆனால் 2021 ஜூலை 25ஐ ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். டோக்கியோவில் தகுதிச் சுற்றின் நடுவே மனு பாக்கரின் பிஸ்டல் பழுதானது. வெளியே போய்ச் சரி செய்து திரும்பி வந்து மீதி ஷாட்களை அவசர அவசரமாகச் சுட்டு 575 எடுத்தார். 12வது இடம். இறுதிச் சுற்று இரண்டு புள்ளியில் நழுவியது. மூன்று வருடம் கழித்துப் பாரிஸில் வெண்கலம், அங்கேயும் வெள்ளிக்கான சுற்று 0.1 புள்ளியில் கைவிட்டுப் போனது. அந்த அளவில் விளையாடுகிறவருக்கு அருகில் பழுது பார்ப்பவர், மாற்றுத் துப்பாக்கி எல்லாம் உண்டு. அவருக்கே இப்படி. நமக்கு ஒரு சின்ன உதிரிப் பாகம் ஐரோப்பாவிலிருந்து வர மாதக் கணக்கில் ஆகலாம். என் கருத்து: முதல் பிஸ்டலுக்கு மெக்கானிக்கல் ட்ரிகர் போதும். எந்தப் பிராண்ட் ஆனாலும், உங்கள் ரேஞ்சில் அதைப் பிரித்துப் பூட்டத் தெரிந்தவர் இருக்கிறாரா என்று முதலில் கேளுங்கள்.

.22 எப்போது

ஏர் பிஸ்டலில் கை படிந்த பிறகு. அவசரப்பட்டு எதுவும் கிடைக்கப்போவதில்லை.

பெண்களுக்கான 25 மீட்டர் ஒலிம்பிக் போட்டியில் 30 ஷாட் நிதானம், 30 ஷாட் வேகம். வேகப் பகுதியில் கையைத் தாழ்த்தி நிற்க வேண்டும், மூன்று நொடிக்குள் உயர்த்திச் சுட வேண்டும். ஆண்களுக்கு ரேபிட் ஃபயர்: ஐந்து இலக்கு, ஐந்து ஷாட், 8 நொடி, அப்புறம் 6, அப்புறம் 4. 2012 லண்டனில் விஜய் குமார் வெள்ளி வாங்கியது இதில்தான். இந்தப் போட்டிகளுக்கு வேண்டியது தானாகத் தோட்டா ஏற்றிக்கொள்ளும் ஐந்து குண்டு பிஸ்டல். பர்தீனி எஸ்பி, வால்தர், மொரினி வகைகள் பிரபலம். பிடியும் குழலும் எவ்வளவு தாழ்வாக ஒரே கோட்டில் இருக்கிறதோ, அவ்வளவு குறைவாகக் குழல் வாய் எகிறும், அடுத்த ஷாட்டுக்குச் சைட் சீக்கிரம் திரும்பும். வேகப் போட்டிக்கு அதுதான் பார்க்க வேண்டியது.

.22 பிஸ்டல்கள் தோட்டா விஷயத்தில் நாக்கு நீளமானவை. ஒன்றுக்குப் பிடித்தது இன்னொன்றுக்குப் பிடிக்காது. அதிவேகத் தோட்டா வேண்டாம், சாதாரண வேகம் போதும். நாலு ரகத்தில் கொஞ்சம் கொஞ்சம் சுட்டு, எது நெருக்கமாக விழுகிறது, எது சிக்காமல் ஓடுகிறது என்று பார்த்த பிறகுதான் மொத்தமாக வாங்க வேண்டும். நம்மூரில் தோட்டா வாங்கவும் உச்சவரம்பு உண்டு என்பதால் பரிசோதனைக்கே கணக்கு வைக்கணும்.

உள்நாட்டு ஆர்டினன்ஸ் தொழிற்சாலையின் 'நிடர்' என்ற .22 ரிவால்வரைப் பற்றிச் சிலர் கேட்டார்கள். அது தற்காப்புக்கென்று செய்த குட்டி ரிவால்வர். சைட் இடைவெளி எவ்வளவு சின்னது என்று பாருங்கள், மேலே போட்ட 1 மி.மீ. கணக்கை அதில் போடுங்கள். இலக்குப் போட்டிக்கு அது எதற்கு ஆகாது என்று விடை வந்துவிடும்.

சும்மா சுடுவதற்கா, போட்டிக்கா?

ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் மனசு லேசாகச் சுடணும், அவ்வளவுதான் என்றால் ஒரே அமுக்கு வகைப் பிஸ்டல் ஆயுளுக்கும் போதும். சிலிண்டர் தொல்லை இல்லை. போட்டி என்றால், முதல் ஆறு மாதம் எதையும் வாங்காதீர்கள். கிளப் பிஸ்டலில் சுடுங்கள். அளவு, எடை, ட்ரிகர் எது கைக்கு ஒத்துவருகிறது என்று அந்த ஆறு மாதத்தில் உங்கள் கையே சொல்லிவிடும். அதற்கப்புறம் அதே வகையில், பழையதாக இருந்தாலும், ஒன்றை வாங்கலாம். மாநிலப் போட்டி, தென்மண்டலம் அல்லது மாவ்லங்கர், பிறகு தேசியம் என்ற படிகளில் ஏற ஏற மற்ற வாசல்கள் திறக்கும்.

பெல்லட்டில் தட்டைத் தலை வாங்குங்கள், காகிதத்தில் வட்டமாக வெட்டி ஓட்டை போடும். 4.49, 4.50 என்று தலை அளவு அச்சிட்டிருக்கும், இரண்டையும் சுட்டுப் பாருங்கள். பெல்லட் ஈயம் என்பதை மறக்க வேண்டாம். சுட்ட கையோடு வடையைத் தொடாதீர்கள், சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கடற்கரை ஊர்க்காரர்களுக்கு இன்னொன்று: உப்புக் காற்று இரும்பைச் சும்மா விடாது. பழகி முடித்ததும் எண்ணெய்த் துணியால் ஒரு துடைப்பு. பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் பொட்டலம்.

லைசென்ஸ் வேண்டாம் என்பதால் ஏர் பிஸ்டல் பொம்மை ஆகிவிடாது. 5 ஜூல் ஒரு கண்ணைப் பறிக்கப் போதும். எங்கள் வீட்டில் பிஸ்டல் பூட்டிய பெட்டியில், பெல்லட் வேறு பெட்டியில், சாவி என்னிடம். குழலுக்குள் எப்போதும் பாதுகாப்புக் கொடி நீட்டிக்கொண்டிருக்கும். மொட்டை மாடியில் சுட்டதையும் நிறுத்திவிட்டோம். தடுப்புக்குப் பின்னால் பக்கத்து வீட்டுக்காரர் துணி காயப்போடுகிற கொடி இருக்கிறது என்பதை நான் யோசிக்காமல் இருந்திருக்கிறேன், இன்றைக்கு நினைத்தாலும் வயிற்றைப் பிசைகிறது.

இப்போது அவள் கிளப்பின் பழைய ஒரே அமுக்குப் பிஸ்டலில் சுடுகிறாள். மாதம் இரண்டு தடவை ஈசிஆரில் சென்னை போகிறோம், மற்ற நாளில் வீட்டில் வெறும் ட்ரிகர் பயிற்சி, வெள்ளைச் சுவரைப் பார்த்து, குண்டில்லாமல். போன மாதம் யாரோ விற்கிறார்கள் என்று ஒரு சிலிண்டர் பிஸ்டல் பார்க்கப் போனோம். விலை படிந்துவிடும் போல இருந்தது. நான் பையில் கை விட்டேன். அவள் பிஸ்டலைத் திருப்பி, சிலிண்டரைப் பார்த்தாள். கண்ணை மூடிக் கையை உயர்த்தித் திறந்தாள். இன்னொரு தடவை. "வேண்டாம்ப்பா. தேதி முடிஞ்சிருச்சு. கிரிப்பும் மீடியம், சைட் இடது பக்கம் போகுது."

எக்ஸெல் தாளை அன்றைக்கு ராத்திரி அழித்துவிட்டேன்.